கற்பிட்டிக்கு ஒரு நாள்: ஒரு செப்புக்காசும் ஒரு சாவியும்

உம்மம்மாவின் வெற்றிலைப் பெட்டிக்குள் இரண்டு பொருட்கள் இருந்தன. ஒன்று தேய்ந்துபோன செப்புக்காசு. மற்றது எருக்கலம்பிட்டி வீட்டுச் சாவி. 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கு முஸ்லிம்களை வெளியேறச் சொல்லி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டபோது, மன்னார் தீவிலிருந்து அவர் கொண்டுவந்தவற்றில் எஞ்சியவை இவைதான். தங்கத்தை எடுத்துக்கொண்டவர்களுக்குச் செம்பு தேவைப்படவில்லை. அவர் மௌத்தான பிறகு பெட்டி என்னிடம் வந்தது. போன மாதம் அதை எடுத்துக்கொண்டு கற்பிட்டிக்குப் போனேன்.

புத்தளத்திலிருந்து காலையில் புறப்பட்டால் மாலையில் திரும்பிவிடலாம். பாலாவிச் சந்தியில் திரும்பினால் சுமார் 40 கிலோமீற்றர். வலப்பக்கம் களப்பு, இடப்பக்கம் கடல். உப்பளங்கள், நுரைச்சோலை அனல்மின் நிலையம், காற்றாலைகள் என்று வழியெல்லாம் பார்க்க ஏதாவது இருக்கும். வெளியூர்க்காரர் பலர் டொல்பின் பார்க்க வந்து, படகிலிருந்து இறங்கியதும் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். நீங்கள் இன்னும் இரண்டு மணிநேரம் நில்லுங்கள்.

முதலில் கோட்டை. போர்த்துக்கேயர் இருந்த இடத்தில் ஒல்லாந்தர் 1667இல் கட்டத் தொடங்கி 1676இல் முடித்தது. சுவர்களில் பவளக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும். உள்ளே கடற்படை இருப்பதால் வாசலில் அனுமதி கேட்க வேண்டும். சுவரின் உயரத்தைவிட அது நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். கண்டி அரசனின் வணிகத்துக்குப் புத்தளம் ஒரு கடல்வாசல். அங்கே போகும் படகு இந்தக் களப்பின் வாயைக் கடந்தாக வேண்டும். வாயில் உட்கார்ந்துகொண்டால் போதும், உள்ளே இருப்பவனின் கழுத்தைப் பிடித்த மாதிரித்தான். 1795இல் இது ஆங்கிலேயர் கைக்குப் போனது.

கோட்டைக்கு வெளியே நின்று காசை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் பெரிய ‘வி’ எழுத்து. அதன் இரண்டு கைகளிலும் ‘ஓ’, ‘சி’ பின்னிக் கிடக்கின்றன. ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை அது. மறுபக்கம் ஒரு மாகாணச் சின்னம். ஆண்டில் 17 மட்டும் தெரிகிறது. 18ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்து மாகாணங்களில் அடித்து, கப்பலில் இங்கே அனுப்பிய சில்லறை. இலங்கையில் இவை ஏராளமாகக் கிடைப்பதால் பெரிய விலை எதுவும் இல்லை. ஆனால் எங்கள் காசில் விளிம்போரமாக ஒரு துளை இருக்கிறது. அது கம்பனி போட்டதல்ல.

இந்தக் கற்பிட்டியில்தான் 1807இல் சைமன் காசிச்செட்டி பிறந்தார். 1834இல் இலங்கையின் ஊர்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஓர் அகராதி வெளியிட்டார். 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்தார். கோட்டையைப் பார்க்க வருகிறவர்களுக்கு அவர் பெயரையும் யாராவது சொல்ல வேண்டும்.

பிறகு கரைக்குப் போனேன். இந்தப் பக்கத்துக் கரைகளில் வந்து இறங்கியவர்கள் பலர். மாலைதீவிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா 1344இல் இறங்கிய ‘பத்தாளா’ புத்தளமே என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஒல்லாந்தர் இறங்கினார்கள். 1990இல் மன்னார் தீவின் மக்கள் படகுகளில் வந்து இறங்கியதும் கற்பிட்டியில்தான். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் ஏறக்குறைய 75,000 பேர். அவர்களில் மிகப் பலர் இந்த மாவட்டத்திலேயே தங்கினார்கள். ஒல்லாந்தருக்குக் கோட்டை நிற்கிறது. நான் நடந்த கரையில் படகில் வந்தவர்களுக்கு ஒரு பலகைகூடக் கண்ணில் படவில்லை. அந்த வரலாறு வெற்றிலைப் பெட்டிகளிலும் அலுமாரிகளின் அடித்தட்டிலும் இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், பயணம் போகுமுன் வீட்டைக் கிளறுங்கள். பழைய காசை மினுக்க வேண்டாம். தேய்த்தால் எழுத்தும் போய்விடும். கோட்டையோரம் தோண்டவும் வேண்டாம், தொல்பொருள் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. பொருளைப் படம் எடுத்து, அதை யார் வைத்திருந்தார், எப்படி வந்தது, எதற்குப் பயன்பட்டது என்று பெரியவர்களிடம் கேட்டுத் தொலைபேசியில் பதிவுசெய்யுங்கள். காணி உறுதி கிடைத்தால் உடனே பிரதி எடுத்து வையுங்கள். 2009க்குப் பிறகு ஊர் திரும்பிய எங்கள் உறவுகளில், உறுதியைக் கையோடு கொண்டுவந்த மாமியின் குடும்பத்துக்குக் காணியை மீட்பது எளிதாக இருந்தது. மற்றவர்கள் சாட்சி தேடி அலைந்தார்கள். எங்கள் சாவிக்குரிய கதவு இப்போது இல்லை. வீடிருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் இருக்கிறது.

நான் உம்மம்மாவிடம் எதையும் கேட்கவில்லை. இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் கேட்கவில்லை. இரவு வீட்டுக்கு வந்து காசை உம்மாவிடம் நீட்டினேன். துளையை விரலால் தடவிப் பார்த்தார்.

“இது உன்ட பெரிய மாமா சின்னப் பிள்ளையா இருக்கக்குள்ள அரைஞாண்ல கட்டினது. அதுக்கு முதல் உம்மம்மாட வாப்பாவுக்கும் கட்டினதாம்.”

“அதுக்கும் முதல்?”

“அது அவவுக்குத்தான் தெரியும்.”

உம்மா சொன்னதை ஒரு தாளில் எழுதி, திகதி போட்டுப் பெட்டிக்குள் வைத்தேன். அடுத்த வாரம் மாமியிடம் போகிறேன். அவருக்கு எண்பத்திரண்டு வயது.