ஜீப் வண்டியின் டை ராடை வீட்டிலேயே மாற்றும் முறை

ஆரணியிலிருந்து மேற்கே கண்ணமங்கலம், படவேடு பக்கம் செல்வோர், வயல்களுக்கு அப்பால் சவ்வாது மலை எதிரே நிற்கக் காண்பர். அடிவாரத்து நிலங்களுக்கு விதையும் உரமும் கொண்டு செல்லவும், மலைப்பாதைகளில் விளைபொருளை இறக்கி வரவும் ஜீப் வண்டி ஏற்றதொரு சாதனம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகளுக்காக வில்லிஸ் நிறுவனம் செய்தளித்த வண்டி இது. 1945-ல் தொடங்கப்பெற்று, 1948-ல் மகிந்திரா அண்டு மகிந்திரா எனப் பெயர் மாறிய நிறுவனம், 1947 முதல் இதனை நம் நாட்டுச் சாலைகளுக்குக் கொண்டுவந்தது. அந்த வழியில் வந்த பழைய வண்டிகளைப் பேணி ஓட்டுவோர் இன்றும் உளர். அத்தகைய அன்பர்களுக்கு, டை ராடு என்னும் உறுப்பை வீட்டிலேயே மாற்றும் முறையை இங்கே விளக்குகிறோம்.

முன் சக்கரங்கள் இரண்டையும் ஒன்றாகப் பிணைக்கும் இரும்புத் தண்டே டை ராடு. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது இரு சக்கரங்களும் இணங்கித் திரும்புவது இதனால்தான். பழைய வில்லிஸ் வகையில் நடுவே பெல் கிராங்க் என்னும் உறுப்பு இருந்து, அதனின்று குட்டையும் நெட்டையுமாக இரண்டு தண்டுகள் பிரியும். பிற்கால வகைகள் சிலவற்றில் ஒரே நீண்ட தண்டு இருக்கும். தறியில் பாவு மரமும் படைமரமும் ஒன்றுக்கொன்று நேராக நில்லாவிடில் துணி ஒரு பக்கமாக இழுபடும் என்பதை நெசவாளர் அறிவர். இங்கும் அதுவே நியாயம். ஆனால் தறியில் கெடுவது துணி. மலைச்சரிவில் இத்தண்டு கழன்றால் ஒரு சக்கரம் ஓட்டுநர் கையை விட்டுப் போகும். அதன்பின் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தும் பயனில்லை.

இத்தண்டு தரைக்குத் தாழ்வாக இருப்பதால் கல்லிலும் வேரிலும் இடிபட்டு வளையக்கூடும். அன்றியும், அதன் இரு முனைகளிலுமுள்ள பந்து மூட்டுகள் சேறும் நீரும் புகுந்து தேய்வதுண்டு. தேய்வை அறிவது எளிது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஒருவர் ஸ்டியரிங்கைச் சிறிது இடமும் வலமும் அசைக்க வேண்டும். மற்றொருவர் மூட்டின்மேல் விரல் வைத்துக் கவனிக்க வேண்டும். தண்டு நகருமுன் மூட்டு உள்ளுக்குள் ஆடினால் அது தேய்ந்துவிட்டது. டயரின் பூக்கள் வாள்பற்கள்போல் ஒருபுறம் கூராகத் தேய்ந்திருப்பதும் ஓர் அறிகுறியாம்.

வளைந்த தண்டை உலையில் காய்ச்சி நிமிர்த்துவதும், ஒடிந்ததைப் பற்றவைப்பதும் அறவே கூடாது. சூடேறிய இரும்பு தன் உரத்தை இழக்கும். வெளிக்குத் தெரியாமல் வெடித்தும் இருக்கும். புதிய தண்டும், இரு முனை மூட்டுகளும், புதிய கோட்டர் பின்களும் வாங்கிக்கொண்ட பின்னரே வேலையைத் தொடங்குக.

முதலில் பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கை பிரேக்கைப் போடுக. முன் அச்சை ஜாக்கியால் உயர்த்தி, அதன் இருபுறமும் இரும்பு ஸ்டாண்டுகளை நிறுத்துக. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் செல்லலாகாது. செங்கல்லும் ஸ்டாண்டாகாது, அது சொல்லாமல் நொறுங்கும்.

அடுத்து, பழைய தண்டு நேராக இருப்பின், இரு மூட்டுகளின் நடுப்புள்ளிகளுக்கு இடைப்பட்ட நீளத்தை அளந்து எழுதி வைத்துக்கொள்க. தண்டு வளைந்திருந்தால் அவ்வளவு பொய்யளவாகும். பின்னே கூறும் சக்கர அளவையே நம்ப வேண்டும். பிறகு கோட்டர் பின்னை உருவி, நட்டைத் தளர்த்துக. நட்டை முழுவதும் கழற்றாமல் சில மரைகள் பிடித்திருக்க விடுக; மூட்டு திடீரெனக் கழன்று மேலே விழாதிருக்க இது காவலாகும். மூட்டின் தண்டு ஒருபுறம் சிறுத்த கூம்பு வடிவினதாதலால், துளைக்குள் இறுகப் பற்றியிருக்கும். அதன் நுனியில் அடித்தால் மரை நசுங்கும். துளையுள்ள கையின் ஒருபுறம் கனத்த சுத்தியலைத் தாங்கலாக வைத்து, மறுபுறம் மற்றொரு சுத்தியலால் ஓங்கி அடித்தால் கூம்பு தானே விடுபடும்.

புதிய தண்டின் ஒரு முனையில் வலமரையும் மறு முனையில் இடமரையும் இருக்கும். ஆதலால் தண்டைச் சுழற்றினாலே அதன் நீளம் கூடவும் குறையவும் செய்யும். இரு மூட்டுகளையும் ஏறக்குறையச் சம அளவு உள்ளே திருகி, பழைய நீளத்துக்குக் கொணர்க. கூம்பையும் துளையையும் துணியால் துடைத்து, கிரீஸ் படாமல் உலர்ந்த நிலையிலேயே பொருத்துக. துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் தகடு சொருகிச் சமாளியாமல் அந்தக் கையையும் மாற்றுக.

நட்டை வண்டியின் கையேட்டிற் கண்ட அளவுக்கு இறுக்கியபின், அதன் பள்ளமும் துளையும் நேராக வரவில்லையெனில், மேலும் சிறிது இறுக்கியே நேராக்க வேண்டும், தளர்த்தி நேராக்கலாகாது. புதிய பின்னைச் செலுத்தி, அதன் கால்களை மடித்துவிடுக. பின் கிடைக்கவில்லையென்று ஆணியையோ மெல்லிய கம்பியையோ வைப்பது சிலர் வழக்கம். ஆணி அதிர்வில் நழுவும், கம்பி அறுபடும், நட்டு தானே கழலும். இவ்வேலை முழுவதிலும் விலை மிகக் குறைந்த பொருள் அந்தப் பின்தான். வண்டியிலுள்ளோர் உயிரைத் தாங்குவதும் அதுவே.

இனி, சக்கரங்களை நேராக்கும் அளவு. வண்டியைத் தரையில் இறக்கி, சில அடிகள் முன்னே உருட்டி நிறுத்துக. இரு முன் டயர்களின் முன்பக்கத்தில், சக்கரத்தின் நடு உயரத்தில், டயர் அகலத்தின் மையத்தில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, இரு குறிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளக்க. அக்குறிகள் பின்பக்கத்தில் அதே உயரத்துக்கு வரும்வரை வண்டியை முன்னே தள்ளி, மீண்டும் அளக்க. பழைய ஜீப் வகைகளில் முன்னளவு பின்னளவைவிட ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டரை மில்லிமீட்டர் குறைவாக இருத்தல் வேண்டும். உங்கள் வண்டிக்குரிய சரியான அளவு கையேட்டில் இருக்கும். தண்டைக் கால் சுற்று திருப்புவதும் அளப்பதுமாக, பொறுமையுடன் அந்த அளவுக்குக் கொணர்க.

சில மில்லிமீட்டரில் என்ன கெடும் என்று எண்ண வேண்டா. 700 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயர்களில் இந்த வேறுபாடு 6 மில்லிமீட்டர் இருந்தால், ஒவ்வொரு சக்கரமும் கிலோமீட்டருக்கு நான்கு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படுகிறது. புது டயர் விரைவில் மொட்டையாவது இதனால்தான்.

அளவு சரியானதும் இரு மூட்டுகளும் ஒரே தளத்தில் இருக்கப் பார்த்துக் கிளாம்புகளை இறுக்குக. ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பி, தண்டும் கிளாம்பும் எதிலும் உரசவில்லை என்று உறுதி செய்க. கிரீஸ் நிப்பிள் இருந்தால் கிரீஸ் செலுத்துக. பிறகு ஊருக்குள் ஆளில்லாத நேரான சாலையில் மெதுவாக ஓட்டிப் பார்த்து, திரும்பி வந்து நட்டுகளை மீண்டும் சோதிக்க. வாய்ப்புள்ள முதல் நாளிலேயே அலைன்மென்ட் கருவியிலும் காட்டிவிடுவது நலம்.

இறுதியாக ஒன்று. பின்னைப் பூட்டியவரே அதைச் சரிபார்த்தால் போதாது. செய்த கைக்குத் தன் பிழை தெரியாது. பாவில் அறுந்த இழையை நெய்பவர் காணத் தவறினும், அருகிருப்பவர் கண்டு சொல்வதுண்டு. அதுபோல, வண்டி மலையேறுமுன் மற்றொருவர் குனிந்து, நட்டுகளையும் பின்களையும் கிளாம்புகளையும் தொட்டுப் பார்க்கட்டும். அதற்கு ஐந்து நிமிடம் போதும். அவ்வாறு பார்க்க ஆளில்லாத நாளில் வண்டி வீட்டிலேயே நிற்கட்டும். விளைபொருள் மறுநாள் இறங்கலாம்.