இரண்டு உயிர்களுக்கு ஒரு காவலன்

தரையில் மிக வேகமாக ஓடும் விலங்கு சிவிங்கிப்புலி. அது ஒரு நாய் குரைத்ததும் பின்வாங்குகிறதே, ஏன் தெரியுமா? வேகத்திற்கென அமைந்த மெல்லிய உடல் அதற்கு. காலில் காயம் பட்டால் ஓட்டம் இல்லை. ஓட்டம் இல்லையேல் இரையும் இல்லை. ஆகவே சண்டையைத் தவிர்க்கிறது.

ஆப்பிரிக்காவின் நமீபியாவில், ஆடுகளைக் கொல்வதால் பண்ணைக்காரர்கள் சிவிங்கிப்புலிகளைச் சுட்டு வந்தனர். 1994இல் லாரி மார்க்கர் என்ற உயிரியலாளர், துருக்கி நாட்டு இனக் காவல் நாய்க்குட்டிகளை அவர்களுக்கு வழங்கத் தொடங்கினார். ஆடுகளோடு வளரும் குட்டி, மந்தையையே தன் குடும்பமாகக் கொள்கிறது. பகை வந்தால் நடுவே நின்று உரக்கக் குரைக்கிறது. ஆடுகளின் இழப்பு பெரிதும் குறைந்தது.

பாம்புக் கடியாலும் பபூன் குரங்குகளோடு நேரும் சண்டையாலும் சில நாய்கள் மடிவதுண்டு. மாணவர்களே, அவை காத்தது ஆட்டை மட்டுமா? துப்பாக்கிக் குண்டிலிருந்து சிவிங்கிப்புலியையும் அல்லவா!