மலைநாட்டுக் குளிரில் குஞ்சு பொரிக்கும் பெட்டி

கோழி ஒன்று அடைக்கு உட்கார்ந்துவிட்டால் வீட்டிலுள்ளவர்களுக்கு அதிக வேலையில்லை. பத்துப் பன்னிரண்டு முட்டைகளை அடியில் வைத்து, பக்கத்தில் தீனும் தண்ணீரும் வைத்துவிட்டால் போதும். 21 நாட்களையும் அது பார்த்துக்கொள்ளும். ஆனால் நமக்குத் தேவையான நேரத்தில் அடைக்கோழி கிடைக்க வேண்டுமே! அந்தக் குறையைத் தீர்க்கத்தான் குஞ்சு பொரிக்கும் மின்சாரப் பெட்டிகள் வந்திருக்கின்றன. றெஜிபோம் பெட்டியில் பல்பும் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவியும் பூட்டித் தாமே செய்துகொள்பவர்களும் உண்டு.

நாட்டில் டொலர் தட்டுப்பாடு வந்த பிறகு, 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து கப்பலில் முட்டை வந்து இறங்கியதை நாம் பார்த்தோம். வீட்டில் நாலு கோழி இருந்தால் நல்லது என்று அன்று நினைக்காத குடும்பத் தலைவிகள் குறைவு. அந்த எண்ணத்தில் பெட்டி வாங்குகிறவர்கள் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பெட்டி தருவது சூடு மட்டுமே. கோழி செய்யும் மற்ற வேலைகளெல்லாம் நம் தலையில்தான் விழும். அதிலும் உடப்புசல்லாவை போன்ற ஊரில் அந்த வேலைகள் சற்று வேறு மாதிரியானவை.

எந்த முட்டை?

கடையில் வாங்கும் பண்ணை முட்டை பொரிக்காது. அந்தக் கோழிகளைச் சேவல் இல்லாமலே வளர்க்கிறார்கள். முட்டையில் கரு இராது. சேவலோடு திரியும் நாட்டுக்கோழியின் முட்டைதான் வேண்டும். இட்டு ஏழு நாட்களுக்கு மேற்படாததாக, வெடிப்பில்லாததாகப் பார்த்தெடுங்கள். கழுவ வேண்டாம். சேர்த்து வைக்கும்போது கூர்முனை கீழே இருக்கட்டும். இந்த விடயத்தில் மலைநாட்டுக் குளிர் நமக்கு உதவி. வெப்பம் சுமார் 20 பாகைக்குக் கீழே இருந்தால் கரு வளராமல் உறங்கிக் கிடக்கும்.

சூடும் வெப்பமானியும்

காற்றாடி உள்ள பெட்டியில் 37.5 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். காற்றாடி இல்லாவிட்டால், முட்டையின் மேற்புற மட்டத்தில் வெப்பமானியை வைத்து 38.5 பாகை அளவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாகை கூடினாலும் குறைந்தாலும் குஞ்சு பாதிக்கப்படும். குளிரைவிடச் சூடு கூடுவதுதான் அதிக ஆபத்து.

ஆகையால் வெப்பமானி சரியானதா என்று முன்கூட்டியே சோதியுங்கள். கொதிநீரில் வைத்து 100 காட்டுகிறதா என்று பார்ப்பது இங்கே சரிவராது. சுமார் 5,000 அடி உயரத்தில் தண்ணீர் 95 பாகையிலேயே கொதித்துவிடும். இளஞ்சூட்டு நீரில் அதையும், காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியையும் ஒன்றாக வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதே நல்ல வழி.

இரவில் அறை குளிர்ந்தால் பெட்டியின் சூடும் ஆடும். எனவே ஜன்னல் ஓரமும் வாசல் ஓரமும் வேண்டாம். லயத்துக் காம்பிராவாக இருந்தால் அடுப்புள்ள பக்கத்துச் சுவரோரம் வைக்கலாம். புகை மட்டும் படக்கூடாது. முட்டை வைப்பதற்கு முன் ஒரு நாள் முழுக்கப் பெட்டியை வெறுமனே ஓடவிட்டுப் பாருங்கள்.

வெளியே மூடுபனி, உள்ளே வறட்சி

முதல் 18 நாட்களுக்குப் பெட்டிக்குள் ஈரப்பதன் 50 முதல் 55 வீதமும், கடைசி மூன்று நாட்களுக்கு 65 முதல் 70 வீதமும் இருக்க வேண்டும். எந்நேரமும் மூடுபனி சூழ்ந்த ஊரில் ஈரத்துக்கு என்ன குறை என்று நினைக்கத் தோன்றும். உண்மை நேர்மாறானது. குளிர்ந்த காற்றில் நீராவி குறைவு. 16 பாகையில் ஈரம் சொட்டும் காற்று, பெட்டிக்குள் 37 பாகைக்குச் சூடேறினால் அதன் ஈரப்பதன் 30 வீதம் அளவுக்கு இறங்கிவிடும். உயரமான இடத்தில் காற்றழுத்தம் குறைவாதலால் ஓட்டின் நுண்துளைகள் வழியே நீர் இன்னும் விரைவாக வெளியேறும்.

ஆகவே தண்ணீர்த் தட்டு வற்றவே கூடாது. ஊற்றுவது வெந்நீராக இருக்கட்டும். தட்டின் அகலம் கூடினால்தான் ஈரம் கூடும், ஆழம் கூடினால் அல்ல. காற்றுத் துளைகளையும் அடைக்காதீர்கள். உள்ளே இருக்கும் உயிர் மூச்சு விடுகிறது.

புரட்டுவதும் பார்ப்பதும்

கோழி தன் முட்டைகளை அடிக்கடி புரட்டிக்கொண்டே இருக்கும். புரட்டாவிட்டால் கரு ஓட்டின் உட்சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறியும், மறுபக்கம் வட்டமும் இட்டு, நாளைக்கு மூன்று அல்லது ஐந்து தடவை புரட்டுங்கள். ஒற்றைப்படையாகப் புரட்டினால் நீண்ட இரவில் ஒரே பக்கம் தினமும் மேலே இராது. 18ஆம் நாளோடு நிறுத்திவிட வேண்டும்.

ஏழாம் நாள் இரவில் முட்டையின் அகன்ற முனையில் டோர்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போலச் செந்நரம்புகள் தெரிந்தால் உயிர் இருக்கிறது. தெளிவாக இருந்தால் கருவில்லை. இரத்த வளையம் மட்டும் தெரிந்தால் இடையில் இறந்துவிட்டது. அவற்றை எடுத்துவிடுங்கள்; அழுகினால் வெடித்து மற்றவற்றையும் கெடுக்கும்.

கரண்ட் போனால்?

இதுதான் பெரிய பயம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு தாவியதால் நாடே இருண்டது. ஆனாலும் உடனே நம்பிக்கை இழக்க வேண்டாம். அடைக்கோழியும் தீன் தின்னத் தினமும் எழுந்துதான் போகிறது. சிறிது நேரக் குளிரைக் கரு தாங்கும். மூடியைத் திறக்காமல், காற்றுத் துளையை மட்டும் விட்டுவிட்டுக் கம்பளியால் போர்த்துங்கள். வெட்டு நீண்டால் சுடுநீர்ப் போத்தல்களைத் துணியில் சுற்றி, முட்டையில் படாமல் உள்ளே வையுங்கள்.

மின்சாரமே இல்லாத காலத்தில் எகிப்தியர் மண் அடுப்பறைகளில் ஆயிரக்கணக்கான குஞ்சுகளைப் பொரித்தார்கள். கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் எகிப்தில் குஞ்சு பொரிக்கும் முறை பற்றி எழுதியிருக்கிறார். அந்த அடுப்பறைக்காரர்கள் வெப்பமானி பார்க்கவில்லை. முட்டையை எடுத்துக் கண்ணிமையில் வைத்தே சூட்டை அறிந்தார்கள். இரவு பகலாக அங்கேயே இருந்ததால்தான் அது கைகூடியது.

கடைசி நாள் பொறுமை

21ஆம் நாளையொட்டி ஓட்டில் சிறு வெடிப்புத் தோன்றும். அதிலிருந்து குஞ்சு வெளிவர 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். பிள்ளைகள் மூடியைத் திறக்கச் சொல்லி அடம்பிடிப்பார்கள், இடம் கொடுக்காதீர்கள். திறந்தால் ஈரம் போய்ச் சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிவிடும். இரக்கப்பட்டு ஓட்டை உடைத்தாலும் ஆபத்து. மஞ்சட்கரு உள்ளே இழுபடும் முன் நரம்பு அறுந்து இரத்தம் வடியும். பொரித்த குஞ்சு நன்றாக உலரும்வரை பெட்டியிலேயே இருக்கட்டும். வயிற்றிலுள்ள மஞ்சட்கருவைக் கொண்டு அது இரண்டு மூன்று நாட்கள் தீனின்றித் தாங்கும்.

பொரித்த பிறகே சோதனை

தாழ்நிலத்தில் இலேசாக முடிகிற காரியம் மலைநாட்டில் இங்கேதான் தவறுகிறது. முதல் வாரம் குஞ்சுகளுக்குச் சுமார் 35 பாகைச் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 பாகை வீதம் குறைக்கலாம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் பெரியவர்களுக்கே கம்பளி போதாத ஊரில், முட்டை வைக்கும் முன்பே குஞ்சுப் பெட்டியும் பல்பும் தயாராக இருக்க வேண்டும். குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிக் கத்தினால் குளிர். ஓரமாக விலகி வாய் பிளந்தால் சூடு அதிகம். அவற்றைத் தொட்ட பின் பிள்ளைகள் சவர்க்காரமிட்டுக் கை கழுவட்டும். தடுப்பு மருந்து பற்றி அரசாங்க கால்நடை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வரவு செலவையும் நிதானமாகப் பாருங்கள். 20 முட்டை வைத்து 12 பொரித்தால், அதில் ஏறக்குறைய பாதி சேவல். மீதிப் பேடுகள் முட்டையிட ஆறு மாதமளவு ஆகும். அதுவரை தீனும் கரண்டும் நம் செலவு. ஆகவே முதல் தடவை குறைவாக வையுங்கள்.

அக்கம்பக்கத்தில் அடைக்கோழி இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. பெட்டியில் முட்டை வைக்கும் அதே நாளில் அதற்கும் சில முட்டை வையுங்கள். பெட்டியில் பொரித்த குஞ்சுகளை இரவு இருட்டில் அதன் சிறகடியில் மெதுவாகச் சேர்த்துவிட்டால், பெரும்பாலும் தன் குஞ்சுகளாகவே ஏற்றுக்கொள்ளும். அதன் சிறகுச் சூட்டுக்குக் கரண்ட் பில் வராது.