நிலமகளுக்குரிய பங்கு

கண்டிமாநகரை வடபுறமாக வளைந்துவரும் மகாவலி கங்கை, பொல்கொல்லையைக் கடந்து தென்கிழக்கே திரும்பித் தும்பறைப் பள்ளத்தாக்கினுட் புகுகின்றது. அப்பள்ளத்தாக்கின் வாயிலிலே குண்டசாலை என்னும் ஊர் அமைந்துள்ளது. 1707 தொடக்கம் 1739 வரை கண்டியை ஆண்ட ஸ்ரீ வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் தலைநகரை விடுத்து இவ்வூரிலே மாளிகை அமைத்து வாழ்ந்தமையின், ஊர்ப் பெயராலேயே அவனை வழங்கும் மரபும் எழுந்தது. மதுரையிலிருந்து அவன் மணந்துகொண்ட அரசியின் உடன்பிறந்தானே அவனுக்குப்பின் முடிசூடி, கண்டியில் நாயக்கர் வழியைத் தொடங்கிவைத்தான். இன்று ஊரின் பெயரை நாடெங்கும் அறியச்செய்வது அரண்மனையன்று, விவசாயப் பாடசாலையே. அரசு அழிந்த இடத்தில் உழவு எஞ்சி நிற்பது புதுமையன்று. உலக வரலாற்றிற் பல இடங்களில் நிகழ்ந்ததே.

நிலம் உயிருடைய பொருள் என்பது நம் முன்னோர் கொள்கை. அதர்வ வேதத்துப் பூமி சூக்தம் நிலத்தைத் தாயாக விளிப்பதோடு அமையாது, மனிதன் அகழ்ந்த இடம் விரைந்து ஆறவேண்டும் என்றும் வேண்டுகின்றது. ஈண்டு நோக்கற்பாலது ஒன்றுண்டு. அகழாதிருப்போம் என்று அச்சூக்தம் கூறவில்லை. அகழாமல் உணவில்லை. ஆனால் அகழ்பவன் கடன்படுகின்றான் என்னும் உணர்ச்சி அவ்வேண்டுதலின் அடியிலே கிடக்கின்றது. இயற்கை வேளாண்மையையும் ஆன்மிகத்தையும் இணைத்துப் பேசுவோர் பலர் இக்கடனை மறந்து, நிலத்தைப் போற்றுதல் என்பதை இனியதொரு மனநிலையாக மட்டும் கொள்ளுகின்றனர். பழைய உழவனுக்கோ அது மனநிலையன்று, பங்கீடு. விளைவில் இன்னார்க்கு இவ்வளவு என்று அளந்து வைக்கும் ஒழுங்கு.

இப்பங்கீட்டைக் குண்டசாலைச் சுற்றுப்புறத்தில் இன்றுங் காணலாம். கங்கைக்கரையிலுள்ள குருதெனியவில் தலதா மாளிகைக்குரிய நெற்களஞ்சியம் ஒன்றுண்டு. ஆண்டுதோறும் சனவரி மாதத்துத் துருத்துப் பௌர்ணமியையொட்டிப் புத்தரிசி விழா நிகழும்போது, அங்கிருந்து புதிய நெல் அளக்கப்பட்டு, ஊர்வலமாகக் கண்டிக்குக் கொணரப்படுகின்றது. மாளிகைக்கு மட்டுமன்றி, நாதர், விஷ்ணு, கதிர்காமக் கடவுள், பத்தினி ஆகிய நால்வர்தம் தேவாலயங்களுக்கும் அதிற் பங்குண்டு. விஷ்ணுவைத் திருமாலென்றும், கதிர்காமக் கடவுளை முருகனென்றும், பத்தினியைக் கண்ணகி என்றும் வணங்கும் தமிழ் மக்களுக்கு இவ்விழா அயலதாகத் தோன்றாது. யாழ்ப்பாணத்தார் தைப்பூசத்தன்று புதிர் எடுத்து, புதுநெற் சோற்றை முதலில் இறைவனுக்குப் படைத்தபின் உண்பர். துருத்துப் பௌர்ணமி பிற்பட்டு வரும் ஆண்டுகளில் இரண்டும் ஒரே நாளை ஒட்டி வருவதும் உண்டு; 2024இல் அவ்வாறே வந்தது. மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்ட இரு மக்கள், தம்முட் கலந்து பேசாமலே, ஒரே முழுமதியில் ஒரே செயலைச் செய்கின்றனர்.

தெய்வத்தின் பங்கு மட்டுமோ? சிங்கள உழவர் வயலின் ஒரு மூலையை அறுக்காது விடும் வழக்கமுடையர். அதனைக் 'குருலு பாளுவ' என்பர். பறவைகளுக்கு விட்ட பகுதி என்பது கருத்து. பறவை தன் பங்கை உண்ண வருகின்றது. வந்த பறவை புழு பூச்சியையும் உண்டு செல்கின்றது. இவ்விரண்டில் எது உழவன் கருதியது, எது தானே விளைந்தது என்று பிரித்தறிய முயல்வது வீண்முயற்சியாகும். அவ்வொழுக்கம் நிலைத்தமைக்கு இரண்டும் காரணமே.

சூடு மிதிக்கும் களத்தின் ஒழுங்கு இன்னும் கடுமையானது. களத்தின் நடுவே சிறுகுழி அகழ்ந்து, சங்கு முதலிய பொருள்களை இட்டு மூடி, சுற்றிலும் சாம்பலால் வட்டக்கோடுகள் வரைவர். களத்தினுள் நாட்பேச்சை வழங்குதல் ஆகாது. களத்திற்கென்றே தனிச்சொற்கள் உண்டு. மட்டக்களப்புத் தமிழரிடத்தும் இவ்வாறே களத்து மொழி ஒன்று வழங்குவது. அங்கு நெல் 'பொலி' ஆகின்றது. கோவிலுக்குள் நுழைபவன் குரலைத் தாழ்த்துவது போன்றதே இது. இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராய் 1903 முதல் 1906 வரை பணியாற்றிய ஆனந்த குமாரசுவாமி, பாறைகளைத் தேடிச் சென்ற வழியிலே இத்தகைய வயற்சடங்குகளையும் குறித்துக்கொண்டார். இரத்தினபுரிப் பகுதியில் தாம் கண்ட நெல்வேளாண்மைச் சடங்குகளைப்பற்றி 1905இல் கட்டுரையும் வெளியிட்டார். நிலத்தின் உட்கிடக்கையை ஆராயச் சென்ற ஒருவர் நிலத்தின்மேல் வாழ்வாரின் உள்ளக்கிடக்கையையும் ஆராய்ந்தது நாட்டின் நற்பேறு.

இவ்வொழுங்கின் உலகியற் பயனைக் கண்ணுற்ற பிறநாட்டான் ஒருவன் உளன். 1660இல் சிறைப்பட்டு, 1679 வரை கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த இராபர்ட் நொக்ஸ், ஏழு மாதத்தில் விளையும் நெல் முதல் மூன்று மாதத்தில் விளையும் நெல் வரை ஐவகையைப் பெயர் கூறி விளக்கியுள்ளான். நீர் நெடுநாள் நில்லாத இடத்திற் குறுகிய காலப் பயிரை விதைப்பர் என்கின்றான். வயல்களுக்கிடையே வேலியில்லை, ஆதலின் ஒருவன் முந்தி அறுத்து மாட்டை விட்டால் அயலான் பயிர் அழியும். எனவே யாவரும் ஒத்து விதைத்து ஒத்து அறுக்கக் கடமைப்பட்டிருந்தனர். நொக்ஸ் கூறிய பெயர்களுள் நான்கு மாதத்து 'ஹீனட்டி' இன்றும் வழக்கில் உள்ளது. இத்தகைய பழைய நெல்லினங்களின் வித்துக்கள் கன்னொறுவையிலுள்ள தாவர மரபுவள நிலையத்திற் பேணப்பட்டு வருகின்றன.

வயலுக்கு மேலே, மேட்டுநிலத்தில், கண்டிய வீட்டுத்தோட்டம் தொடங்குகின்றது. முதன்முறை காண்பவர்க்கு அது காடெனவே தோன்றும். பலாவும் தென்னையும் கித்துளும் மேலே கவிந்திருக்கும். இடையிற் கமுகு, கராம்பு, சாதிக்காய். அவற்றின் கீழ்க் கோப்பியும் வாழையும். அடியில் இஞ்சி, மஞ்சள், கிழங்கு வகைகள். முள்முருக்கிலும் கிளிசரியாவிலும் மிளகுக்கொடி ஏறியிருக்கும். இவ்வடுக்கின் பயன் மழைநாளிலே விளங்கும். மலைச்சரிவில் விழும் பெருமழைத்துளி இலைக்கு இலை தட்டி, வலி குன்றி, சருகின்மேல் விழுந்து, மெல்ல மண்ணுள் இறங்குகின்றது. சருகை மண்புழுவும் பூஞ்சணமும் மண்ணாக்குகின்றன. கிளிசரியாவின் வேர்முடிச்சிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றின் நைதரசனைப் பிடித்துக் கொடுக்கின்றன. மண்புழு மண்ணை ஆக்கும் வகையை டார்வின் 1881இல் தனிநூலாகவே எழுதினார். நிலம் உயிருடையது என்னும் கொள்கைக்கு இதனினும் நேரான உரை வேண்டியதில்லை.

இத்தோட்டத்திற் பலாவுக்குத் தனிமதிப்பு உண்டு. சிங்களத்தார் அதனைச் 'சோற்று மரம்' என்பர். பலாக்கன்று நடுதலையே தொண்டாகக் கொண்ட ஆர்தர் வி. டயஸ் என்பவரை நாடு 'பலா மாமா' என்றே அழைத்தது. கண்டிப் பெரஹரா தொடங்குவதற்கு முன்னர்த் தேவாலயங்களில் நடப்படும் 'கப்' என்னும் கொம்பும் பாலுள்ள மரத்தினின்று, பெரும்பாலும் பலாவினின்று, சடங்கோடு கொள்ளப்படுவது. 1951ஆம் ஆண்டு வந்த மரம் வெட்டுதற் கட்டுப்பாட்டுச் சட்டம் பலாவையும் ஈரப்பலாவையும் இசைவின்றி வெட்டலாகாது என்று விதித்தது. வழிபாட்டால் நின்ற மரத்துக்குச் சட்டத்தின் காவல் வேண்டியதாயிற்று என்பதே காலமாற்றத்தைக் காட்டப் போதும்.

மாற்றம் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டிலாகும். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், உரிமைச் சான்று காட்டப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரியன என்று கொண்டது. அவை தோட்டத் துரைமார்க்கு விற்கப்பட்டன. காடு எரிக்கப்பட்டு, மலைமேல் மலையாகக் கோப்பி ஒன்றே நிரப்பப்பட்டது. களை ஒன்றும் தலைகாட்டாதவாறு நிலத்தைச் சுரண்டி வைத்தல் நல்ல துரைக்கு இலக்கணமாயிற்று. மூடிய மண் திறந்த மண்ணாயிற்று. மழை அதனை வாரிச்சென்றது. 1869இல் இலைத்துரு நோய் தோன்றியபோது, இடையில் தடுக்கும் பிறமரம் இன்மையால், அது தோட்டத்துக்குத் தோட்டம் தாவி இருபதாண்டிற்குள் கோப்பித் தொழிலையே வீழ்த்தியது. பின்னர்த் தேயிலை வந்தது. தும்பறைப் பகுதியிற் கொக்கோவும் வந்தது. மண் மட்டும் மீண்டு வரவில்லை. மண் காப்புச் சட்டம் 1951இல் இயற்றப்பட்டது. 1976இல் பொல்கொல்லையில் மகாவலியை மறித்துக் கட்டிய அணை, சில ஆண்டுகளிலேயே தன் கொள்ளளவிற் பெரும்பகுதியை வண்டலுக்கு இழந்தது. மலையுச்சியில் விளைவை எடுத்துக்கொண்டு பங்கு கொடாது விட்டதன் கணக்கு, நூறாண்டு கழித்து ஆற்றின் அடியிலே எழுதப்பட்டது.

மேலைநாட்டிலும் இக்கணக்கை உணர்ந்தோர் உளர். உருடொல்வ் ஸ்டைனர் 1924இல் ஆற்றிய சொற்பொழிவுகளில், பண்ணை முழுவதையும் ஓருயிராகக் கருதவேண்டும் என்றார். ஆல்பர்ட் ஹோவார்ட் இந்தூரில் இந்திய உழவரிடம் கற்றதைத் தம் ஆய்வோடு இணைத்துக் கூட்டெரு முறையை வகுத்தார். 1940இல் வெளியிட்ட நூலிலும் பின்னைய நூல்களிலும், நிலத்தினின்று பெற்றதை நிலத்துக்கே திருப்பவேண்டும் என்பதை ஒரு விதியாகவே நாட்டினார். ஸ்டைனர் கூறும் விண்மீன் தொடர்பான செய்திகள் பலவற்றை அறிவியல் ஏற்கவில்லை. ஹோவார்டின் விதியை மறுப்பது அரிது. திருவள்ளுவரும் உழவதிகாரத்தில் உழுது காயவிடுதலின் சிறப்பை ஒரு குறளிலும், உழுதலினும் எருவிடுதல் நன்று என்பதை அடுத்த குறளிலும் கூறிவிட்டார்.

இவ்விடத்து 2021ஆம் ஆண்டு நிகழ்ச்சியை விட்டுச்செல்லல் நேர்மையாகாது. அவ்வாண்டு மே மாதம் இலங்கை அரசு செயற்கை உரங்களினதும் பூச்சிகொல்லிகளினதும் இறக்குமதியைத் தடைசெய்தது. நாடு முழுவதையும் ஒரே போகத்தில் இயற்கை வேளாண்மைக்குத் திருப்புதல் நோக்கமாயிருந்தது. விளைவு யாவரும் அறிந்ததே. நெல்லும் தேயிலையும் குன்றின. உழவர் தெருவிற்கு வந்தனர். நவம்பர் மாதம் தடை தளர்த்தப்பட்டது. இயற்கை வேளாண்மை பொய்த்தது என்பார் சிலர். போதிய காலம் கொடுக்கவில்லை என்பார் சிலர். உண்மை இவ்விரு கூற்றினும் எளியது. பத்தலகொடை முதலிய நிலையங்களில் ஆக்கப்பட்ட புதிய நெல்லினங்கள் மிகுந்த ஊட்டம் பெற்று மிகுதியாக விளைவன. அரை நூற்றாண்டாக அவற்றோடு பழகிய வயலில் இலைமக்கு இல்லை, எருமை இல்லை, வரப்பில் தழைமரம் இல்லை. கொடுக்கவேண்டிய பங்கைத் தேடிச் சேர்ப்பதன் முன்னர், கொடுத்துவந்த மாற்றுப்பொருளை நிறுத்தினால், பசிப்பது மண்ணும் மனிதனும் ஆகிய இருவருமே. குருதெனியக் களஞ்சியத்துப் பங்கீடு ஓர் அறிவித்தலால் எழுந்ததன்று. இலையுதிர்ந்து மண்ணாவதற்கு ஆகும் காலத்தை எந்த வர்த்தமானியும் குறைக்கவியலாது.

இனி, இவ்வாராய்ச்சியிற் பெரும்பாலும் மறக்கப்படுவோர் மலைநாட்டுத் தமிழர். கோப்பிக்கும் தேயிலைக்கும் காடழித்த கைகள் அவர்களுடையவை. அழித்தால் வரும் ஊதியமோ, அழியாது காக்கும் உரிமையோ அவர்களுக்கு இல்லை. எனினும் அவர்கள் தாம் தொட்ட நிலத்தைத் தெய்வமின்றி விட்டாரல்லர். தேயிலைக் கவ்வாத்துக்கு முன் கவ்வாத்துச் சாமி. கொழுந்துக்குக் கொழுந்துச் சாமி. ஆலையிற் சுழலும் உருளைக்கு ரோதை முனி. பிறன் உடைமையான செடிக்கும் பிறன் உடைமையான இயந்திரத்துக்கும் படையலிட்டவர் உலகில் வேறு யார் உளர் என்பது ஆராயத்தக்கது. நிலமகளுக்கு அவர்கள் பங்கு கொடுத்தனர்; நிலத்தில் அவர்க்குப் பங்கு கொடுப்பாரில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாட்டிலேயே அவர்க்கு இடமில்லை என்றது. 1972இலும் 1975இலும் வந்த நிலச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. லயத்து வாசல் லயத்து வாசலாகவே இருந்தது.

தைத்திங்கள் முதல் நாளிலே லயங்களிற் பொங்கல் பொங்குகின்றது. புதுநெல் விளைவுக்கு நன்றி கூறும் அவ்விழாவில், வயலில்லாதவர் பானையில் இடுவது கடையில் விலைக்கு வாங்கிய அரிசி. 2015இன் பின் சில தோட்டங்களில் குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலம் வீட்டோடு அளிக்கப்படலாயிற்று. வீடு கட்டியபின் எஞ்சும் இடம் சிறிதே. அதில் முதலில் நடப்படுவது முருங்கையும் கறிவேப்பிலையும் வாழையும். சில வீடுகளிற் பின்புறத்தே ஒரு பலாக்கன்று.