குளத்துக்கு ஓர் உறை

வீட்டுக்கு வரும் பால் பாக்கெட்டின் ஓரத்தை உற்றுப் பாருங்கள். அங்கே நூலும் இல்லை, பசையும் இல்லை. ஆயினும் பால் ஒழுகுவதில்லை. இரண்டு பாலிதீன் தாள்கள் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஒன்றாக்கப்பட்டுள்ளன. இதே முறையில் ஒரு குளத்துக்கே உறை போடலாம்!

புதுக்கோட்டை மாவட்டத்தில் பல இடங்களில் செம்மண்ணும் சரளை மண்ணும் காணப்படுகின்றன. இவை நீரை எளிதில் உள்ளே இறங்க விடுபவை. வடகிழக்குப் பருவமழையில் சேர்ந்த நீர் கோடைக்கு முன்பே மண்ணுக்குள் போய்விட்டால் பயிர் என்னவாகும்? இதற்காகவே இத்தகைய மண்ணில் தோண்டும் பண்ணைக்குட்டைகளில் பாலிதீன் விரிப்பு பரப்புகிறார்கள். நீச்சல் குளங்களில் பி.வி.சி. எனப்படும் வினைல் விரிப்பு இதே வேலையைச் செய்கிறது.

குட்டை முழுவதையும் மூட ஒரே தாள் பெரும்பாலும் போதாது. பல தாள்களை ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு வைத்து இணைக்க வேண்டும். எப்படி?

பிளாஸ்டிக்கில் நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகள் பின்னிக் கிடக்கின்றன. சூடேறினால் அவை நெகிழ்ந்து நகரத் தொடங்கும். பாலிதீன், அதன் வகைக்கு ஏற்ப, சுமார் 105 முதல் 135 டிகிரி செல்சியசில் உருகும். பி.வி.சி. படிப்படியாக இளகும். அந்த நிலையில் அழுத்தினால் ஒரு தாளின் சங்கிலிகள் மற்றதற்குள் நுழைந்து பின்னிக்கொள்கின்றன. ஆறியதும் இரண்டும் ஒரே தாள்தான்!

பாலிதீன் விரிப்புகளுக்கு இடையே சூடான உலோக ஆப்பு ஒன்று நகர்ந்து செல்லும். பின்னால் வரும் உருளைகள் அழுத்தும். வினைலுக்குச் சூடான காற்றைப் பாய்ச்சி, கை உருளையால் அழுத்துவதுண்டு.

வெப்பம் குறைந்தால் இணைப்பு ஒட்டியதுபோல் தோன்றும், இழுத்தால் பிரிந்துவிடும். மிகுந்தால் பி.வி.சி. கருகி, ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சு வாயு வெளிவரும். தூசியும் ஈரமும் இணைப்பைக் கெடுக்கும். பாலிதீனையும் பி.வி.சி.யையும் இவ்வாறு இணைக்க இயலாது. அவற்றின் சங்கிலிகள் ஒன்றோடொன்று கலப்பதில்லை.

இணைப்பு சரியாக அமைந்ததா என்று அறியவும் ஒரு வழி உண்டு. இரண்டு இணைகோடுகளாகப் பற்றவைத்தால் நடுவில் குழாய் போன்ற இடைவெளி அமையும். அதன் இரு முனைகளையும் அடைத்துக் காற்றைச் செலுத்துவார்கள். அழுத்தமானியின் முள் தொடர்ந்து இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது.

ஒரு சிறு கசிவுக்கு இவ்வளவு கவலையா என்கிறீர்களா? கணக்கிட்டுப் பாருங்கள். 20 துளிகள் ஒரு மில்லிலிட்டர் எனக் கொள்வோம். வினாடிக்கு ஒரு துளி சொட்டினால் நாளொன்றுக்கு 86,400 துளிகள், அதாவது 4 லிட்டருக்கும் மேல். மாதத்தில் சுமார் 130 லிட்டர்! நீர் நிறைந்த பின் அடியில் உள்ள ஓட்டை கண்ணில் படாது. ஆகவே சோதனையை மழைக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.