எவலூஷனா, இம்ப்ரெசாவா?

பாவித்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கொள்வனவு செய்ய எண்ணியபோது என் முன் இருந்தவை இரண்டு: மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் 9, சுபாரு இம்ப்ரெசா எஸ்.டி.ஐ. இரண்டும் ஜப்பானிலிருந்து வந்தவை. 2 லீற்றர் டர்போ, நான்கு சக்கர இயக்கம். சுபாருவில் சிலிண்டர்கள் படுக்கையாக இருப்பதால் பாரம் தாழ்ந்து நிற்கும். லான்சரில் அவை நேர்வரிசையில் இருப்பதால் பழுதுபார்ப்பது இலகு. ஆனால் எவலூஷன் உற்பத்தி 2016இல் நின்றுவிட்டது.

இரண்டிலும் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளைந்து இயந்திரமே பழுதாகும். எனவே விலை பேசுமுன் பெல்ட் மாற்றிய பற்றுச்சீட்டைக் கேட்டேன். லான்சர்காரர் மழுப்பினார். சுபாருக்காரர் பற்றுச்சீட்டைக் காட்டியதோடு, டர்போவில் எண்ணெய் கசிவதையும் தாமாகவே சொன்னார். பழுதுச் செலவைக் கழித்து அவரிடமே வாங்கினேன். குறையை மறைக்காமல் விற்பதுதானே மார்க்கம் காட்டிய வியாபாரம்!