மீனின் மூச்சைத் திருடுவது யார்?

மாணவர்களே, ஆற்றில் மீன்கள் செத்து மிதக்கும் படத்தைப் பார்த்தால், யாரோ நஞ்சைக் கொட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். சில வேளைகளில் அது உண்மையே. ஆனால், நஞ்சு இல்லாமலும் மீன்கள் சாகும். நம் வீட்டுக் கழிவுநீரே அதற்குப் போதும்.

கழிவில் உள்ளவை நுண்ணுயிரிகளுக்கு உணவு. அது ஆற்றில் விழுந்ததும் பாக்டீரியாக்கள் பெருகித் தின்னத் தொடங்கும். தின்பதோடு சுவாசிக்கவும் செய்யும். நீரில் கரைந்திருக்கும் உயிர்வளியை, அதாவது ஆக்சிஜனை, அவையே எடுத்துக்கொண்டால் மீனுக்கு என்ன மிஞ்சும்?

ஒரு கணக்கு போடுவோம். மலேசியாவில் சுத்திகரிப்பு ஆலைகளை வடிவமைக்கும்போது, ஒருவர் நாளொன்றுக்கு 225 லிட்டர் கழிவுநீரை வெளியேற்றுகிறார் என்றும், அதிலுள்ள கழிவைத் தின்ன நுண்ணுயிரிகளுக்கு 5 நாள்களில் 56 கிராம் உயிர்வளி தேவை என்றும் வைத்துக்கொள்கிறார்கள். நம் நாட்டு வெப்பத்தில், 1,000 லிட்டர் தூய ஆற்றுநீரில் கரைந்திருப்பது ஏறக்குறைய 8 கிராம்தான். 56-ஐ 8-ஆல் வகுத்தால் 7. அதாவது, உங்கள் ஒருவரின் ஒருநாள் கழிவு 7,000 லிட்டர் ஆற்றுநீரின் உயிர்வளியைக் காலி செய்துவிடும். 10,000 பேர் வாழும் சிற்றூருக்கு 7 கோடி லிட்டர். 28 ஒலிம்பிக் நீச்சல் குளங்கள். அதுவும் தினமும்! ஆறு காற்றிலிருந்து உயிர்வளியை மீண்டும் பெறும்தான். ஆனால், அதற்கு நேரம் வேண்டும்.

சிலாங்கூர் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கோலகுபு பாரு, பத்தாங் காலி போன்ற சிற்றூர்கள் இதன் வடிநிலத்தில் உள்ளன. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பாதிக்கும் மேல் இந்த ஆற்றிலிருந்துதான் வருகிறது. மேட்டுநிலச் சிற்றூர் ஆற்றில் விடும் நீர், கோலாலம்பூர்க்காரரின் குவளைக்குப் போகும் நீரோடு கலக்கிறது.

அப்படியானால் ஆலை என்ன செய்கிறது? மந்திரமில்லை. ஆற்றில் நடக்கவேண்டிய விருந்தை ஒரு தொட்டிக்குள் நடத்தி முடிக்கிறது. முதலில் கம்பிச் சல்லடையில் துணி, பிளாஸ்டிக் போன்றவை சிக்கும். பிறகு மணல் அடியில் தங்கும். அடுத்த தொட்டியில்தான் உண்மையான வேலை. கீழிருந்து காற்றை ஊதிக்கொண்டே இருப்பார்கள். பழுப்புச் சேற்றில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிரிகள் ஆற்றின் உயிர்வளியைத் தொடாமல், ஊதப்படும் காற்றைக் கொண்டு கழிவைத் தின்னும்.

இந்த முறையை 1914-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் எட்வர்ட் ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் ஆகிய இருவர் வெளியிட்டனர். கழிவுநீரில் காற்றை ஊதியபோது, அது முழுமையாகத் தூய்மையாக ஏறக்குறைய 5 வாரம் பிடித்தது. தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் தங்கிய சேற்றின் மீதே புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். இப்படியே திரும்பத் திரும்பச் செய்ய, 5 வார வேலை ஒரே நாளுக்குள் முடிந்தது! தூக்கி எறிய வேண்டியது என்று நினைத்த சேறுதான் உழைப்பாளி. அதனால்தான் இன்றும், கடைசித் தொட்டியில் படியும் சேற்றின் ஒரு பகுதியை மீண்டும் காற்றுத் தொட்டிக்கே திருப்பி அனுப்புகிறார்கள்.

இதில் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களும் உண்டு. இவை மிக மெதுவாக வளர்பவை. சேற்றைத் தக்கவைக்காவிட்டால் வளர்வதற்குள் அடித்துச் செல்லப்படும். அமோனியா மீனுக்குக் கேடு. குடிநீரில் கலக்கும் குளோரினையும் அது வீணாக்கும். ஜோகூர் ஆற்றில் அமோனியா கூடியதால் குடிநீர் ஆலைகளை நிறுத்தியதும் உண்டு.

2009-ஆம் ஆண்டு கழிவுநீர் விதிமுறைகளின்படி, குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே அமையும் புதிய ஆலையின் நீருக்கு லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் உயிர்வளித் தேவை இருக்கக்கூடாது. இப்போது கணக்கை மீண்டும் போடுங்கள்: 225 லிட்டருக்கு 4.5 கிராம். உங்களுக்காக ஆறு இழப்பது 56 கிராமிலிருந்து இவ்வளவாகக் குறைந்துவிடுகிறது.

காற்றூதி பழுதானால்? சில மணி நேரத்திலேயே சேறு மூச்சுத் திணறும். ஆலைப் பணியாளர் இதைக் கண்ணாலும் மூக்காலும் கண்டுபிடிப்பார். தொட்டி நீரை ஒரு லிட்டர் கண்ணாடிக் குடுவையில் எடுத்து 30 நிமிடம் அசைக்காமல் வைப்பார். பழுப்புச் சேறு நன்றாகப் படிந்து, மேலே தெளிந்த நீர் நின்று, மண்வாசனை வந்தால் நலம். கறுத்துப்போய் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், அவர் முதலில் ஓடுவது காற்றூதியைப் பார்க்கத்தான்.